தேர்தல் நாளில் மட்டும் கட்டும் கழுத்துப்பட்டி

வருடம் முழுக்க அந்த மனிதரைத் தொழிற்சாலையின் நீல மேலாடையோடும் கழுத்தில் தொங்கும் தூசி முகமூடியோடும்தான் கண்டிருக்கிறேன். நான்கு வருடத்துக்கு ஒருமுறை, நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் மட்டும், கோட்டுப் போட்டு, பச்சைக் கழுத்துப்பட்டி கட்டி, தலைமயிரைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வருவார். அன்றைக்கு நகரசபைத் தேர்தல். அவருடைய பழைய நீல வான் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நிற்கும். மூன்று தரம் ஹோர்ன் அடிப்பார். மேல்மாடி யன்னலைத் திறந்து யாராவது கத்துவார்கள்.

"தேர் வந்திட்டுது! வடம் பிடிக்கிற ஆக்கள் எல்லாம் கெதியா இறங்குங்கோ!"

டென்மார்க்கின் பிராண்டே நகரில் அப்போது எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்தக் குடியிருப்பில்தான் இருந்தோம். எல்லோரும் யாழ்ப்பாணம். வீட்டுக்கு ஒருவராவது காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. வானில் வருகிறவர் வட அயர்லாந்தில் டெரி நகரத்துக்காரர், என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இறக்கை வார்க்கும் அச்சுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் எங்கள் வீடுகளில் அவர் அயர்லாந்து அண்ணை. 'அண்ணை' என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன்.

"எங்கடை ஊரிலை என்னை ஒருத்தரும் இவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டதில்லை," என்றார்.

எங்களுக்குள் பொதுவாக இருந்தது டேனிஷ் ஒன்றுதான். அதுவும் இரண்டு பக்கமும் உடைந்த டேனிஷ். அதை நான் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். என் காதில் அவர் இன்றைக்கும் அப்படித்தான் கதைக்கிறார்.

முதல் தடவை அவர் என் கதவைத் தட்டிய நாளைச் சொல்லவேண்டும். டென்மார்க்கில் சில வருடம் இருந்துவிட்டால் வெளிநாட்டுக்காரருக்கும் நகரசபைத் தேர்தலில் வாக்கு உண்டு. கேட்காமலே தபாலில் வாக்காளர் அட்டை வரும். வல்கோர்ட் என்பார்கள். அரச முத்திரை, என் முழுப்பெயர், விலாசம், ஓர் இலக்கம். நான் அதை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், எங்கள் மாடியில் பல வீடுகளில் இதே கதைதான். ஒருவர் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகியிருந்தார். இன்னொருவர் துண்டு துண்டாகக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டிருந்தார். பெயரும் இலக்கமும் போட்டு அரசாங்கக் கடிதம் வீட்டுக்கு வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது: உன் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் ஏறிவிட்டது.

"வல்கோர்ட் எங்கை?" என்றார் கதவடியில் நின்று.

"வரேல்லை."

"பொய். தபால்காரன் என்ரை கூட்டாளி."

"அப்ப துலைஞ்சிருக்கும்."

நேரே குசினிக்குள் வந்தார். அலுமாரியைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், குனிந்து அரிசி வாளியைத் திறந்து முழங்கைவரை கையை விட்டார். அட்டை வந்துவிட்டது!

"எங்கடை அம்மா மா ரின்னுக்குள்ளைதான் ஒளிப்பா," என்றார். அரிசியைத் தட்டிவிட்டு அட்டையை என் சட்டைப்பைக்குள் வைத்தார். "இஞ்சை பார். நீ ஆருக்குப் போடுறாய் எண்டு நான் ஒருநாளும் கேட்கமாட்டன். போட்டியோ எண்டு மட்டும்தான் கேட்பன்."

அதுதான் அவருடைய ஒரே சட்டம். முப்பது வருடத்தில் ஒருமுறையும் அவர் அதை மீறியதில்லை.

பாடசாலை விளையாட்டு மண்டபத்தில் வாக்களிப்பு. அவர் வாசலில் நின்றுகொள்வார். ஒவ்வொருவரும் வெளியே வர, "போட்டியோ?" என்பார். "போட்டன்" என்றால் கையைப் பிடித்துக் குலுக்குவார், தோள் கழன்றுவிடும். பிறகு மூலையில் நிற்கும் சொசேஜ் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கேதான் பிரச்சினை. டென்மார்க்கில் இந்தத் தேர்தல் எப்போதும் செவ்வாய்க்கிழமைதான் வரும். எங்கள் ஆட்களில் அரைவாசிப்பேர் செவ்வாய்க்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். பதினாலு பேர் வரிசையில் நின்று வெறும் பாணுக்குள் பொரித்த வெங்காயமும் கடுகுக் களியும் வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து வண்டிக்காரி பயந்துபோனாள்.

"உங்கடை அம்மனுக்கும் டேனிஷ் அரசாங்கத்துக்கும் ஒரே கிழமைதானோ கிடைச்சது?" என்று அண்ணை தலையில் கைவைத்தார்.

அந்த மனிதரின் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்! சொந்தப் பிள்ளை சோதனையில் பாஸ்பண்ணினது மாதிரி. அதைக் காணும்போதெல்லாம் நான் குனிந்து கையிலிருக்கும் பாணையே பார்ப்பேன். ஏனென்றால் நான் வாக்களிக்கவில்லை.

இதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். திரைக்குப் பின்னால் போனேன். நூலில் ஒரு பென்சில் தொங்கியது. மேசை அகலத்துக்கு விரிந்த தாளில் எத்தனையோ பெயர்கள். பென்சிலை எடுத்தேன், வைத்தேன். ஒரு கோடும் போடாமல் தாளை மடித்துக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் விட்டேன். நான்கு வருடம் கழித்தும் அதேதான். அதற்கு அடுத்த முறையும் அதேதான். "போட்டியோ?" என்பார். "போட்டன்" என்பேன். தோள் கழலும். வெங்காயப் பாண் கிடைக்கும்.

அந்தப் பச்சைக் கழுத்துப்பட்டியின் கதையை ஒரு மழைநாளில் வானுக்குள் இருந்து சொன்னார். எங்கள் மாடியில் ஒரு அம்மா சீலை கட்டி முடிக்கக் காத்திருந்தோம். அவருடைய சின்ன வயதில் டெரியில், நகரசபைத் தேர்தல் என்றால், வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் வாக்கு. அதே வீட்டில் அறை எடுத்து இருக்கிறவர்களுக்கு இல்லை. இவருடைய அப்பா மைத்துனர் வீட்டில் ஓர் அறையில் ஐந்து பிள்ளைகளோடு இருந்தார். வீடு கேட்டு எழுதினால், புரொட்டஸ்தாந்துக்காரர் கையில் இருந்த நகரசபை கொடுக்காது. இவர்களைப் போன்ற கத்தோலிக்கருக்கு வீடு கொடுத்தால் வாக்கும் கொடுத்ததாகிவிடுமே!

"அப்பா தேர்தல் நாளிலை காலமை எழும்பிச் சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவார். இந்த ரையைக் கட்டுவார். மாமாவைக் கூட்டிக்கொண்டு போவார். மாமா உள்ளை போய்ப் போட்டிட்டு வருமட்டும் வெளியிலை நிப்பார். பிறகு ரெண்டுபேரும் வீட்டை வருவினம். அப்பா ரையைக் கழட்டி மடிச்சு வைப்பார்."

"ஏன் போனவர்? அவருக்குத்தான் இல்லையே?"

"அதைத்தான் அம்மாவும் கேட்டவ." வான் கண்ணாடியில் துடைப்பான் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்வலம் போய், அடிவாங்கி, கடைசியிலை சட்டத்தை மாத்திச்சினம். அடுத்த தேர்தல் வரமுதல் அப்பா செத்திட்டார்."

இப்படி ஒரு மனிதர் கோபக்காரராக இருக்கவேண்டும் அல்லவா? ஒருகாலத்தில் இருந்திருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டேனிஷ்காரர் யாராவது தெரியாமல் "நீ இங்கிலிஷ்காரன்தானே?" என்று கேட்டுவிட்டால் கதிரை விழ எழும்புவார். "ஐரிஷ்! ஐரிஷ்!" அவர்கள் ஊரில் சமாதான உடன்படிக்கைக்கு வாக்கெடுப்பு நடந்த வருடம் அது "டெரிக்காரன்" ஆகியது. பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு வெளியேறத் தீர்மானித்தபிறகு நெஞ்சை நிமிர்த்தி "ஐரோப்பியன்" என்றார். ஓய்வுபெறப்போகும் காலத்தில் யாரோ கேட்டதற்கு, "வோட்டுப்படி பார்த்தால் பிராண்டேக்காரன்," என்றார். ஒரே மனிதர்தான். ஒரே நீல வான்தான்.

சமாதான வாக்கெடுப்பு நாள் நல்ல நினைவு. அங்கே இருப்பவர்களுக்குத்தான் வாக்கு, வெளிநாட்டில் இருந்த இவருக்கு இல்லை. வேலைக்கு வந்தார், ஆனால் எங்கே வேலை செய்தார்! இடைவேளைக்கு இடைவேளை ஓடிப்போய்த் தன் தங்கைக்கு ரெலிபோன். "போட்டியோ?" "இன்னும் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல்." "காய்ச்சலோடை தூக்கிக்கொண்டு போ!" நாலாம் தரம் எடுத்தபோது தங்கை வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறாள். இவர் காதுவரை சிரித்துக்கொண்டு அச்சுக்குத் திரும்பினார்.

"போட்டிட்டாள்!"

"எப்பிடித் தெரியும்?"

"போடாட்டில் இவ்வளவு திட்டமாட்டாள்."

எனக்கு அவரால் பயம் வந்த நாளும் ஒன்று உண்டு. ஒரு ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் தேத்தண்ணியும் வடையும் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நகரமான வைலேயிலிருந்து இரண்டுபேர் வந்தார்கள். ஊர்ப் போராட்டத்துக்கு நிதி சேர்க்கிறவர்கள். நல்ல மரியாதையான ஆட்கள். வந்த விஷயத்தை நான் அண்ணைக்குச் சொன்னேன். வடையைத் தட்டில் வைத்தார்.

"இவையிட்டைக் கேள். வீடு வீடா இவ்வளவு வருசம் வாறியள். ஒருக்காலாவது இந்தச் சனத்திட்டை வோட்டுக் கேட்டனீங்களோ?"

நான் வடைத் தட்டை வந்தவர்கள் பக்கம் தள்ளினேன்.

"என்னவாம்?" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

"தேத்தண்ணி நல்லாயிருக்காம்," என்றேன்.

இளையவர் தலையைக் குனிந்தார். அப்போதுதான் அவருக்கு டேனிஷ் தெரியும் என்பது எனக்கு விளங்கியது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் போய்விட்டார்கள்.

"விசரே அண்ணை உங்களுக்கு?" என்று நான் பாய்ந்தேன்.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பதினெட்டு வயதில் லண்டனில் கட்டட வேலை. சனிக்கிழமைகளில் ஐரிஷ்காரர் குடிக்கும் இடங்களில் போராட்டத்துக்கென்று உண்டியல் குலுக்குவது இவருடைய பொறுப்பு. அந்தக் காசு என்னவாகிறது என்று இவர் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. ஒரு திங்கட்கிழமை, வேலைத்தளத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவரும் இங்கிலிஷ் பெட்டை இவருடைய குவளையை மட்டும் நிரப்பாமல் அடுத்தவருக்குப் போனாள். அதற்கு முதல்நாள் கடைத்தெருவில் குண்டு வெடித்திருந்தது. அவளுடைய தம்பி ஆசுபத்திரியில்.

"உண்டியலை என்ன செய்தனீங்கள்?"

"ஆத்துக்குள்ளை எறிஞ்சன். கப்பல் ஏறினன். இஞ்சை வந்திட்டன்." பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு வோட்டில்லாமல் செய்தவங்களிலை எனக்கு இப்பவும் கோபம்தான். ஆனா நானும் ஒருத்தரிட்டையும் கேட்கேல்லை, பார்," என்றார்.

இதையெல்லாம் பார்த்து அவர் துக்கம் பிடித்த மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். பிரித்தானியா வெளியேறத் தீர்மானித்தபிறகு தொழிற்சாலையில் நடந்த கூத்தைக் கேளுங்கள். எங்களோடு ஓர் இங்கிலிஷ்காரர் வேலை செய்தார். இருபது வருடமாக அண்ணை இருந்த மேசையில் அவர் இருந்ததில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நேரே வந்து எதிரே உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பழுப்பேறிய கடதாசி ஒன்றை எடுத்து விரித்தார். அவருடைய தாத்தா தெற்கு அயர்லாந்தின் கோர்க் நகரில் பிறந்தவராம்! அதைக் காட்டினால் ஐரிஷ் கடவுச்சீட்டு எடுக்கலாம், ஐரோப்பாவில் பழையபடி இருக்கலாம்.

அண்ணை அதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். நாங்கள் எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தோம்.

"இருபது வருசமா ஒரு ஐரிஷ்காரன் தனிய இருந்து சாப்பிட்டிருக்கிறான்," என்றார் அண்ணை. "முதலே சொல்லியிருந்தா நான் அங்கை வந்திருப்பனே!"

அந்தப் பின்னேரமே இரண்டுபேருமாக விண்ணப்பம் நிரப்பினார்கள். ஆறுமாதம் கழித்துப் புதுக் கடவுச்சீட்டோடு வந்த இங்கிலிஷ்காரரிடம் அண்ணை கேட்டது ஒன்றுதான்: "நகரசபைத் தேர்தலுக்கு வல்கோர்ட் வருமெல்லே, போடுவியோ?"

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய நாள் பிலுண்ட் விமான நிலைய நாள்தான். என் வீட்டுக்குள் தீ புகுந்த நாளும் அதுதான். தெற்கு அயர்லாந்தில், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்யலாமா என்று வாக்கெடுப்பு. வெளிநாட்டில் இருப்பவர்கள் தபாலில் போடமுடியாது. நேரே போகவேண்டும். உலகம் முழுக்கவிருந்து ஐரிஷ் இளசுகள் விமானம் ஏறுகிறார்கள் என்று அண்ணை குதித்துக்கொண்டிருந்தார். பிராண்டேயிலும் வைலேயிலும் வேலைபார்த்த ஏழு பேரை வானில் ஏற்றிவிட்டார். இடம் காட்ட, பெட்டி தூக்க என்று என்னையும் இழுத்தார். பள்ளி விடுமுறை என்று என் மகளும் தொற்றிக்கொண்டாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று.

அண்ணையின் டெரி வடக்கில், பிரித்தானியாவின் கீழ். இந்த வாக்கெடுப்பில் அவருக்கு எந்தக் காலத்திலும் வாக்குக் கிடையாது. "இல்லாத வோட்டுக்கு இவ்வளவு பெற்றோலோ அண்ணை?" என்றேன். "ரையைப் பார்," என்றார். கட்டியிருந்தார்!

வானுக்குள் ஒரே பாட்டும் கூத்தும். அண்ணையும் உற்சாகத்தில் தன் காலத்துப் போராட்டப் பாட்டொன்றை எடுத்துவிட்டார். பின்னால் இருந்த எஞ்சினியர் பெண்ணொருத்தி, "அதை நிற்பாட்டுங்கோ," என்றாள்.

"எங்கடை அம்மா லண்டனிலை தாதியா இருந்தவ. பஸ்ஸிலை வாயைத் திறக்கமாட்டா. திறந்தா ஐரிஷ் எண்டு தெரிஞ்சுபோம். உங்களைப் போலை பாட்டுப் பாடின ஆக்களாலைதான்."

அவர் பாட்டை நிறுத்திவிட்டார். பிலுண்டில் இறங்கியதும் முதலில் அவளுடைய பெட்டியைத்தான் தூக்கினார். வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் நிலைக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது என்று வழியில் சொல்லியிருந்தாள். பதினெட்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் போய்விடும். "பத்து நாள்! பத்து நாள்!" என்று சொல்லிச் சொல்லி அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்ற ஐரிஷ் பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள். என் மகளும் கைதட்டினாள். கதிரை ஒன்றில் ஏறி நின்று தட்டினாள். வரும்போது வழி முழுக்கக் கேள்வி. "ஏன் மாமா அந்த அக்கா உங்களைப் பேசினவ?" "அவ சொன்னது சரி." "அப்ப ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" "வோட்டு அவவின்ரை." அன்றைக்குத் தொடங்கியதுதான் அவளுடைய தேர்தல் பைத்தியம்.

எழுபதைத் தொடும் வயதில் அவர் ஊருக்குத் திரும்பினார். இரண்டு அயர்லாந்தும் ஒன்றாவதா என்று ஒருநாள் வாக்கெடுப்பு வரும், அது வரும்போது வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருக்கவேண்டும் என்றார். "வராட்டில்?" என்றேன். "வந்தாலும் ஓம் எண்டு போடுவனோ தெரியாது. ஆனா அங்கை நிக்கோணும்." வானை விற்றார். கழுத்துப்பட்டியைப் பெட்டியில் வைத்தார்.

அந்த வாக்கெடுப்பு வரவில்லை. வந்தது ஒரு நகரசபைத் தேர்தல். குப்பை வண்டி, பஸ் தரிப்பு, ஆற்றங்கரை விளக்கு. அவருடைய அப்பாவுக்கு வாக்குத் தராத அதே நகரசபை! அங்கே ஒரு பெயருக்குப் புள்ளடி போடுவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பப்படி இலக்கம் போடவேண்டும். அன்று மத்தியானம் எனக்கு ரெலிபோன் வந்தது. மூச்சு வாங்கினார்.

"போட்டன்!"

"ஆருக்கு?" என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஆனால் அவராகவே சொன்னார்.

"திரைக்குப் பின்னாலை போனன். முதலாவது ஆருக்கெண்டு தெரியேல்லை. கடைசி ஆரெண்டு மட்டும் தெரியும். எங்கடை அப்பாவுக்கு வோட்டுக் குடுக்காத கட்சிக்காரன். அந்தப் பெயருக்கு ஒண்டும் போடாமல் விடலாம், சட்டம் விடும். பத்து நிமிசம் நிண்டன். பிறகு அவனுக்கும் ஒரு நம்பர் போட்டன். கடைசி நம்பர். ஆனா போட்டன்."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும், அண்ணை, நான் இத்தனை வருடமும் வெறும் தாளைத்தான் போட்டேன் என்று. சொல்லவில்லை. "நல்லது அண்ணை," என்றேன். அடுத்த வருடம் அவருடைய தங்கை அழைத்தாள். அண்ணனுக்குக் கழுத்துப்பட்டி கட்டித்தான் சவப்பெட்டிக்குள் வைத்தோம் என்றாள். தேர்தலில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை.

போன இலையுதிர் காலத்தில் என் மகள் எங்கள் நகரசபைக்குப் போட்டியிட்டாள்.

"உனக்கேன் பிள்ளை இந்த வேலை? படிச்சனி, நல்ல உத்தியோகம்," என்று மூன்று மாதம் மன்றாடினேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவள் டேனிஷில் பதில் சொல்லிக்கொண்டு சிரித்தாள். டென்மார்க்கில் தேர்தல் படங்களை வீதி மின்கம்பங்களில்தான் கட்டுவார்கள். தேர்தலுக்கு முந்திய நான்காவது சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் கட்டலாம். அந்தச் சனிக்கிழமை முழு பிராண்டேயும் ஏணியோடு நின்றது! பன்னிரண்டு அடித்தது, எல்லாக் கட்சிக்காரரும் ஓட்டம். என் மகள் ஏணியில் அணில் மாதிரி. நான் கீழே பிடித்துக்கொண்டேன். அவளுடைய சந்தோஷம் எனக்கும் தொற்றிவிட்டது, உண்மை. கடைசிப் படத்தை எங்கள் வாசலுக்கு நேரே இருந்த கம்பத்தில் கட்டி, "இது உங்களுக்கு அப்பா!" என்றாள்.

எனக்குப் பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்தில் எங்கள் சந்தி மின்கம்பத்தில் ஒரு மனிதரைச் சுட்டுக் கட்டியிருந்தார்கள். தலை தொங்கியிருந்தது. நெஞ்சில் ஒரு மட்டை, அதில் பெயரும் குற்றமும். ஊர்ச்சபைத் தேர்தலில் ஒருவரை முன்மொழிந்து கையெழுத்து வைத்தவர் அவர். ரியூசனுக்குப் போகும் வழி. சைக்கிளை விட்டு இறங்காமல் வாசித்துவிட்டுப் போனேன்.

ஞாயிறு விடியப் போய்க் கத்தியால் வெட்டி மகளின் படத்தைக் கழற்றினேன். கராஜுக்குள் மாரிக்கால ரயர்களுக்குப் பின்னால் வைத்தேன்.

ஒன்பது மணிக்கு அவள் வெறும் கம்பத்தைக் கண்டுவிட்டாள். முகம் சிவந்து, கைபேசியோடு குசினிக்குள் வந்து டேனிஷில் கத்தினாள்.

"தமிழ்ப் பெட்டையின்ரை முகத்தைப் பார்க்கப் பொறுக்கேல்லை ஆருக்கோ! இப்ப படம் எடுத்து எல்லாருக்கும் போடப்போறன்."

"போடாதை."

"ஏன் போடக்கூடாது? பயப்பிடச் சொல்லுறீங்களோ?"

"நான்தான் கழட்டினனான்."

கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தேன். சந்தியையும் கம்பத்தையும் மட்டையையும் சொன்னேன். அவளுடைய இருபத்துமூன்று வருடத்தில் முதல்முறை. அவள் ஒரு ரயரில் உட்கார்ந்துவிட்டாள். டேனிஷில் அல்ல, தமிழில் சொன்னாள்.

"அப்பா, பெயரை இனிப் பட்டியலிலை இருந்து எடுக்கேலாது. ஆனா எல்லாப் படத்தையும் இண்டைக்கே கழட்டிவிடுறன். ஒருத்தரிட்டையும் வோட்டுக் கேட்கமாட்டன். சொல்லுங்கோ."

மூன்று மாதமாக நான் அம்மனிடம் கேட்டது அதுதான். மகளே அதைக் கையில் தந்துவிட்டாள். 'ஓம்' என்றால் போதும். அவள் மடியில் கிடந்த படத்தில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று ரெலிபோனில் கேட்ட அண்ணையின் மூச்சு வாங்கல் திரும்பவும் காதில் கேட்டது. பத்து நிமிசம் நிண்டன். பிறகு போட்டன்.

"ஏணியைப் பிடி," என்றேன்.

நானே ஏறினேன். பிளாஸ்டிக் பட்டியால் ஒரு கட்டு, இரண்டு கட்டு, மூன்று கட்டு.

"ரெண்டு காணும் அப்பா."

"காணாது. காத்தடிக்கும்."

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். அவள் தெரிவாகவில்லை. அவள் கட்சியில் முதலாவது பதில் உறுப்பினர். யாராவது விடுப்பில் போனால் இவள் போய் உட்காரவேண்டும். படங்களை எட்டு நாளைக்குள் கழற்றிவிட்டோம். இப்போதும் அந்தக் கம்பத்தைக் கடக்கும்போது என் கால் ஒரு கணம் நிற்கிறது. அது நிற்கட்டும்.

தேர்தல் அன்று காலை, என் கல்யாணக் கழுத்துப்பட்டியைத் தேடி எடுத்துக் கட்டினேன். பழைய அடுக்குமாடிக்குக் கீழே போய்க் காரை நிறுத்தினேன். எங்கள் ஆட்கள் சொந்த வீடு வாங்கிப் போய்விட்டார்கள். வயதான நாலைந்து பேர்தான் மிச்சம். மூன்று தரம் ஹோர்ன் அடித்தேன். ஒரு யன்னலும் திறக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். மூன்றாம் மாடியில் ஒரு யன்னல் திறந்தது. நரைத்த தலை ஒன்று எட்டிப்பார்த்துக் கரகரத்த குரலில் கத்தியது.

"தேர் வந்திட்டுதடா!"

மண்டபத்தில் அதே திரை, நூலில் தொங்கும் அதே பென்சில். தாளில் அவள் பெயரைத் தேடிப் பிடித்தேன். இரண்டு கோடு, ஒரு புள்ளடி. இவ்வளவு அழுத்திப் போடத் தேவையில்லை, பென்சில் முனை உடைந்துவிட்டது.

வெளியே வந்தேன். வாசலில் மகள் நின்றாள். என் கழுத்துப்பட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பொறுக்கமுடியாமல் ஓடிவந்தாள்.

"அப்பா, எனக்கோ போட்டனீங்கள்?"

"அப்பிடிக் கேட்கக்கூடாது," என்றேன். "போட்டனீங்களோ எண்டு மட்டும்தான் கேட்கலாம்."

"சரி. போட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை. போட்டன்."

அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். "அப்பா, தோள்! தோள்!" என்று கத்தினாள்.